பட்டிக் காளை: மிஞ்சியதா, தேர்ந்தெடுத்ததா?

குறையுள்ள பசுவொன்று பட்டியில் நின்றால் ஆண்டுக்கு ஒரு கன்று குறைபடும். குறையுள்ள காளையொன்று நின்றால் அவ்வாண்டு பிறக்கும் கன்றுகள் அத்தனையும் குறைபடும். எட்டுப் பசுக்களை வைத்திருக்கும் குடும்பம் அந்த எட்டையும் விற்றுவிட்டு வேறு எட்டை வாங்க முடியாது. அதற்குப் பணமுமில்லை, காலமுமில்லை. ஆனால் அந்த எட்டுக்கும் சேரும் காளையை மாற்ற முடியும். ஏழைக் குடும்பமொன்று தனது பட்டியைத் திருத்துவதற்குக் கையிலுள்ள மிக மலிவான வழி இதுவே. எனினும் எமது பகுதியில் மிகக் குறைவாகச் சிந்திக்கப்படும் விடயமும் இதுவே.

கல்முனை, சம்மாந்துறை, நிந்தவூர், அக்கரைப்பற்று தொடக்கம் பொத்துவில் வரையுள்ள இக்கரையோரத்தில் மாடு என்பது பால் மட்டுமன்று. அது வெள்ளாமை பொய்த்த ஆண்டில் கடனை அடைக்கும் பணம், மகளின் திருமணச் செலவு, பிள்ளையின் படிப்பு. 1990இலும் அதன் பின்னரும் போரினால் ஊரை விட்டு ஓடிய குடும்பங்கள், தமிழரும் முஸ்லிம்களும், பட்டிகளை அவிழ்த்துவிட்டே ஓடினர். மீண்டும் வந்தபோது குறிசுட்ட மாடுகளைக் காடுகளில் தேடியும் பலர் காணவில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்தது. அதில் வீட்டோடு சேர்த்துக் கொட்டிலில் கட்டிநின்ற பசுவையும் இழந்தவர்கள் இருக்கின்றார்கள். இவ்வாறு இழந்தவர்கள் ஒன்று இரண்டு பசுக்களோடு மீண்டும் தொடங்கினர். நன்கொடையாகப் பசு கிடைத்தவர்களும் உண்டு. பசுவைத் தந்தவர்கள் காளையைப் பற்றிப் பெரும்பாலும் பேசவில்லை. ஆகவே அதைப் பற்றி நாம் இங்கே பேசுவோம்.

நல்ல நாம்பன் எங்கே போகின்றது?

பட்டிக்காரர் ஒருவரிடம் ஐந்து நாம்பன் கன்றுகள் இருக்கின்றன எனக் கொள்வோம். இரண்டு நன்றாக வளர்ந்து, முதுகு அகன்று, மயிர் பளபளவென்று நிற்கின்றன. இரண்டு நடுத்தரம். ஒன்று வயிறு ஊதி, முதுகெலும்பு தெரிய, எப்போதும் பின்னால் நடந்துவருகின்றது. பணமுடை வருகின்றது. வியாபாரி வருகின்றார். அவர் எதைக் கேட்பார்? கொழுத்த இரண்டையும்தான் கேட்பார். ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கினால் குறையற்ற, வயது வந்த, பார்வைக்கு அழகான நாம்பனுக்கு இன்னும் நல்ல விலை உண்டு. உழ்ஹிய்யாவுக்கு நொண்டியையும் நோயாளியையும் மெலிந்ததையும் எவரும் வாங்கமாட்டார்கள். எனவே முதலில் சிறந்த இரண்டும் போகின்றன. அடுத்த ஆண்டு நடுத்தரம் இரண்டும் போகின்றன. எவரும் விலை கேட்காத ஐந்தாவது பட்டியில் நிற்கின்றது. அதை எவரும் காளையாகத் தெரிவு செய்யவில்லை. ஆனால் பசு காளைக்குக் கத்தும் வேளையில் அங்கு நிற்பது அதுதான்.

இவ்வாறு பத்து ஆண்டுகள் நடந்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு தலைமுறையிலும் சிறந்ததை விற்று, கடைசியானதை விதையாக வைத்திருப்போம். எந்த விவசாயியும் நெல்லில் இப்படிச் செய்யமாட்டான். சூடு அடித்ததும் மணி திரண்ட நல்ல நெல்லை விதைக்கென ஒதுக்கி வைத்த பின்னர்தான் மீதியை விற்பான். விதைநெல்லுக்குக் காட்டும் அந்த அக்கறையை மாட்டுக்கும் காட்ட வேண்டும் என்பதே இக்கட்டுரையில் நாம் சொல்ல வரும் ஒரே செய்தி. "எமது மாடு சிறுத்துப் போயிற்று, அந்தக் காலத்து மாடு இப்படியில்லை" என்று முதியவர்கள் சொல்லும்போது மேய்ச்சல் குறைந்ததை மட்டும் காரணமாகச் சொல்கின்றோம். மேய்ச்சல் குறைந்தது உண்மை. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் பின் மாடு மேய்ந்த பல நிலங்கள் வயலாகவும் கரும்புத் தோட்டமாகவும் மாறின. ஆனால் அது பாதிக் காரணமே. மறுபாதி, மிஞ்சிய நாம்பன்.

அங்கஸ் காளையின் கதை

உலகில் இறைச்சி மாடுகளுள் பெரும் புகழ் பெற்றது அங்கஸ் என்னும் இனம். கறுப்பு நிறம், கொம்பில்லாத தலை, குட்டையான கால்கள், நிறைந்த தசை. அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் கண்காட்சி மேடைகளில் பரிசு பெறும் காளைகளின் படங்களைப் பார்த்து, "இப்படியொரு காளையின் விந்து கிடைத்தால் எமது பட்டியும் இப்படியாகுமே" என்று இளைஞர்கள் எம்மிடம் கேட்பதுண்டு. இக்கேள்விக்குப் பதில் சொல்ல, அந்த இனம் உருவான கதையைப் பார்ப்பது நல்லது.

ஸ்கொட்லாந்தின் வடகிழக்கே அபர்டீன், அங்கஸ் என்னும் இரு பகுதிகள் உள்ளன. அங்கே கொம்பில்லாத நாட்டு மாடுகள் பலகாலமாக இருந்தன. 1808இல் ஹியூ வாட்சன் என்னும் குத்தகை விவசாயி கீலர் என்னும் இடத்தில் பண்ணை தொடங்கினார். அவர் வெளிநாட்டுக் காளையைத் தேடிப் போகவில்லை. தகப்பனின் பட்டியிலிருந்து மிகச் சிறந்த, மிகக் கறுத்த ஆறு பசுக்களையும் ஒரு காளையையும் பெற்றார். அவ்வாண்டே அயலூர்ச் சந்தைக்குப் போய்த் தனக்குப் பிடித்த சிறந்த கிடாரிகளையும் ஒரு காளையையும் தெரிந்து வாங்கினார். அதன் பின் ஆண்டுக்கு ஆண்டு சிறந்ததை விற்காமல் வைத்துக்கொண்டார். 1862இல் அவ்வினத்தின் பட்டிப் பதிவேடு அச்சானபோது அதில் முதலாம் இலக்கம் பெற்றது அவரது காளையே. அவரது பசு ஒன்று முப்பத்தைந்து ஆண்டுகள் வாழ்ந்து இருபத்தொன்பது கன்றுகள் ஈன்றது என்று அவ்வினத்தின் வரலாறு சொல்கின்றது. அதாவது அவர் பார்த்தது உடம்பின் அழகை மட்டுமன்று. தவறாமல் கன்று ஈனும் குணத்தையும் நீண்ட ஆயுளையும் பார்த்தார்.

அங்கஸ் இனத்திடமிருந்து நாம் பெற வேண்டியது அதன் விந்தையன்று, ஹியூ வாட்சனின் பழக்கத்தையே. குளிர்நாட்டுப் புல்வெளியில் வளர்ந்த கறுத்த, அடர்ந்த மயிருள்ள மாடு அம்பாறையின் ஓகஸ்ட் வெயிலில் நிழலையும் நீரையும் தேடி நிற்குமேயன்றி மேயாது. அமெரிக்காவின் வெப்பமான தென்மாநிலங்களிலேயே தனி அங்கஸ் சிரமப்பட்டது. அங்குள்ளவர்கள் அதை பிரமன் என்னும் திமிலுள்ள மாட்டோடு கலந்து பிராங்கஸ் என்னும் புதிய இனத்தை உருவாக்கினார்கள். அந்த பிரமன் எங்கிருந்து போனது? இந்தியாவின் ஒங்கோல், கிர், குசராத் மாடுகளிலிருந்துதான். பிரேசில் நாட்டின் பெரும் மந்தைகளும் ஒங்கோல் வழி வந்தவையே. வெயிலையும் உண்ணியையும் தாங்கும் குணத்துக்காக உலகம் திமிலுள்ள மாட்டைத் தேடி வந்திருக்கின்றது. அக்குணம் எமது நாட்டு மாட்டிலும் இருக்கின்றது. அதைத் தொலைத்துவிடாமல் திருத்த வேண்டும்.

எமது வெயிலுக்கு ஏற்றது எது?

நாட்டுப் பசு சிறியது. நாளொன்றுக்கு ஒன்று, இரண்டு லீற்றர் பால்தான் தரும். ஆனால் வைக்கோலையும் காட்டுப் புல்லையும் தின்று, உண்ணிக் கடியைத் தாங்கி, உதவியின்றிக் கன்று ஈனும். பாலைக் கூட்ட விரும்புவோருக்கு வறண்ட வலயத்தில் ஏற்றவை சாஹிவால், சிந்தி ஆகிய இனங்களின் காளைகள். சாஹிவால் பஞ்சாபிலிருந்தும் சிந்தி சிந்து மாகாணத்திலிருந்தும் வந்தவை. இரண்டும் வெப்பத்துக்குப் பழகியவை. அவற்றின் கலப்புக் கன்றுகள் எமது மேய்ச்சலில் நிலைத்து நிற்கும்.

ஜேர்சி, பிரீசியன் காளைகளின் கதை வேறு. நாட்டுப் பசுவுக்கு ஜேர்சி சேர்த்தால் பிறக்கும் முதற் கலப்புக் கிடாரி நல்ல பலன் தரும். தாயின் தாங்கும் சக்தியும் தந்தையின் பாலும் அதில் பாதி பாதியாக இருக்கும். இதைக் கண்டு மகிழ்ந்து அக்கிடாரிக்கும் மீண்டும் ஜேர்சியே போட்டால், பிறப்பது முக்கால் ஜேர்சி. அதற்கு அடர்தீவனம் வேண்டும், நாள் முழுதும் தண்ணீர் வேண்டும், நிழல் வேண்டும். இவை இல்லாத வீட்டில் அது மெலியும், சினை பிடிக்காது, முதல் மழையில் நோய்ப்படும். எனவே முதற் கலப்பில் நிறுத்தி, அதன் மேல் சாஹிவால் அல்லது சாஹிவால் கலந்த காளையைச் சேர்ப்பதே அறிவுடைமை. அவுஸ்திரேலியர்களே தம் வெப்பப் பகுதிக்காகப் பிரீசியனையும் சாஹிவாலையும் கலந்து ஓர் இனத்தை உருவாக்கியிருக்கின்றார்கள். 2017இல் அவுஸ்திரேலியாவிலிருந்து ஆயிரக்கணக்கில் கப்பலில் கொண்டுவரப்பட்ட கறவை மாடுகளை வாங்கியவர்களில் பலர் எதிர்பார்த்த பால் கிடைக்கவில்லை என்றும் மாடுகள் இறந்தன என்றும் முறையிட்டது நாடறிந்த செய்தி. மாடு வருவதற்கு முன் தீவனம் வர வேண்டும் என்பதே அதன் பாடம்.

2022 டிசம்பரில் சூறாவளியோடு வந்த திடீர்க் குளிரிலும் மழையிலும் வடக்கு, கிழக்கில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் சில நாட்களுக்குள் இறந்தன. ஒதுங்க இடமின்றித் திறந்த வெளியில் நனைந்து நின்றவையும் உடலில் கொழுப்பின்றி மெலிந்திருந்தவையும் அக்குளிரைத் தாங்கவில்லை. எமது பட்டிகள் எவ்வளவு சிறிய விளிம்பில் நிற்கின்றன என்பதை அந்த நாட்கள் காட்டின. தாங்கும் சக்தியைக் கைவிட்டுப் பாலை மட்டும் தேடுவது இத்தகைய நாட்டில் ஆபத்தானது.

காளையைப் பார்க்கும் முறை

காளை தெரிவதற்குப் பெரிய படிப்புத் தேவையில்லை. கண்ணும் பொறுமையும் போதும். பின்வருவனவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

1. முதலில் தாயைப் பாருங்கள். அது ஆண்டுதோறும், அல்லது ஒன்றரை ஆண்டுக்குள், கன்று போடுகின்றதா? மடி ஒழுங்காக, நான்கு முலையும் பால் தருவதாக உள்ளதா? கன்றை அணைக்கின்றதா? தாயைத் தெரியாத காளையை வாங்குவது முகவரி தெரியாத வீட்டுக்குப் பெண் கொடுப்பது போன்றது.

2. நடக்கவிட்டுப் பாருங்கள். காளை மேய வேண்டும், பசுவைப் பின்தொடர வேண்டும், பின்கால்களில் எழும்ப வேண்டும். நொண்டும், முழங்கால் வளைந்த, குளம்பு நீண்டு பிளந்த காளை வேண்டாம்.

3. விதைகள் இரண்டும் பைக்குள் இறங்கி, ஒரே அளவாக, தொட்டால் இறுக்கமாக இருக்க வேண்டும். ஒன்று சிறுத்தோ, வீங்கியோ, மென்மையாகவோ இருந்தால் அக்காளையை விடுங்கள். ஒரு விதை மட்டுமே இறங்கிய காளையின் குறை பிள்ளைகளுக்கும் போகலாம்.

4. கொப்பூழின் கீழ்த் தொங்கும் தோலைப் பாருங்கள். அது மிக நீண்டு தொங்கினால் முட்புதரில் கிழிந்து புண்ணாகும். எமது மேய்ச்சல் தரைகள் முள் நிறைந்தவை.

5. பல்லைப் பாருங்கள். முன்வரிசையில் இரண்டு நிலைப்பல் விழுந்த காளைக்கு ஏறக்குறைய இரண்டு, இரண்டரை வயது. அது வேலை தொடங்கும் வயது. முதலாண்டில் பத்துப் பதினைந்து பசுக்களுக்கு மேல் விடவேண்டாம். நன்கு முதிர்ந்த காளை இருபத்தைந்து, முப்பது பசுக்களைக் கவனிக்கும்.

6. உடலளவு பசுவுக்கு ஏற்றதாக இருக்கட்டும். சிறிய நாட்டுக் கிடாரிக்குப் பெரிய இனக் காளையைச் சேர்த்தால் கன்று வெளிவர முடியாமல் தாயும் கன்றும் இறக்கலாம். முதற் சினைக்கு எப்போதும் சிறிய காளையே நல்லது.

7. சுபாவத்தைப் பாருங்கள். சிறுவர்கள் மேய்க்கும் பட்டியில் முட்டும் காளை வேண்டாம். அந்தக் குணமும் இறங்கும்.

8. கன்று வீசும் பட்டியிலிருந்து காளையை ஒருபோதும் கொண்டுவராதீர்கள். புரூசெல்லா என்னும் நோய் சினையைக் கலைக்கும். வீசிய கன்றைக் கையால் எடுப்பவருக்கும், காய்ச்சாத பாலைக் குடிப்பவருக்கும் விட்டு விட்டு வரும் காய்ச்சலாகவும் மூட்டு வலியாகவும் தொற்றும். காளையை வாங்குமுன் கால்நடை வைத்திய அதிகாரியிடம் சொல்லி இரத்தம் சோதிப்பியுங்கள்.

மகளோடு சேரவிடலாகாது

காளை நல்லதாக இருந்தால் அதைச் சாகும்வரை வைத்திருக்க மனம் வரும். இங்குதான் இன்னொரு தவறு நடக்கின்றது. இன்று பிறக்கும் கிடாரி இரண்டு, இரண்டரை ஆண்டில் காளைக்குக் கத்தும். அப்போது பட்டியில் நிற்பது அதன் தகப்பன். தகப்பனும் மகளும் சேர்ந்து பிறக்கும் கன்றில் மறைந்திருந்த குறைகள் வெளிப்படும். கன்று சிறுக்கும், சாகும், சினை பிடிப்பது குறையும்.

மறைந்த குறை என்றால் என்ன என்பதற்கு அங்கஸ் இனமே சாட்சி. 2008இல் அமெரிக்காவில் முதுகு வளைந்து, கால்கள் முறுகி, இறந்தே பிறந்த அங்கஸ் கன்றுகள் பல கண்டுபிடிக்கப்பட்டன. ஆராய்ந்தபோது அவற்றின் தாய், தந்தை இருவரும் ஒரே காளையின் வழிவந்தவர்களாக இருந்தனர். அக்காளை மிகவும் புகழ்பெற்றது. அதன் விந்து நாடெங்கும் போயிருந்தது. குறையை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பெற்ற மாடு நலமாகவே இருக்கும். இரு பக்கத்திலிருந்தும் பெற்ற கன்றுதான் இறக்கும். பரிசோதனைக் கூடமும் பதிவேடும் உள்ள நாட்டிலேயே இது நடந்ததென்றால், பதிவே இல்லாத எமது பட்டிகளில் என்ன நடக்கின்றது என்பதை எண்ணிப் பாருங்கள்.

இதற்கு மருந்து எளிது. இரண்டரை ஆண்டுக்கு ஒருமுறை காளையை மாற்றுங்கள். விற்க வேண்டியதில்லை. தூரத்துக் கிராமமொன்றின் நல்ல காளையோடு மாற்றிக்கொள்ளலாம். ஒரு பாடசாலைக் கொப்பியில் பசுவின் அடையாளம், காளை, சேர்ந்த நாள், கன்று போட்ட நாள் ஆகிய நான்கையும் எழுதி வையுங்கள். வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளை இருந்தால் இது கடினமன்று.

ஊசியா, காளையா?

வீட்டுக் கொட்டிலில் இரண்டு மூன்று பசுக்களைக் கட்டி வளர்ப்போருக்குச் செயற்கை முறைச் சினைப்படுத்தலே மேல். காளைக்குத் தீனி போடும் செலவில்லை, நோய் பரவாது, சாஹிவாலோ ஜேர்சியோ விரும்பிய இனத்தைக் கேட்கலாம். ஆனால் வேளை தவறக்கூடாது. பசு இருபத்தொரு நாளுக்கு ஒருமுறை கத்தும். காலையில் கத்தக் கண்டால் அன்று மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் ஊசி போட வேண்டும். தொலைபேசியில் அலுவலரை உடனே அழைத்துவிடுங்கள். மறுநாள் பார்ப்போம் என்றால் இன்னும் மூன்று வாரம் போய்விடும்.

பெரும்போகத்தில் வயல்கள் அடைபட்டதும் காட்டோரத்துக்கு மாடு கொண்டுபோகும் பட்டிக்காரருக்கு ஊசி உதவாது. எந்தப் பசு எப்போது கத்தியது என்பதை அங்கே பார்ப்பவர் எவருமில்லை. அவர்களுக்கு நல்ல காளையே வழி.

அதிலும் காலத்தைப் பாருங்கள். பசு சினை சுமப்பது ஒன்பது மாதமும் பத்து நாளும். மார்ச்சில் சேர்ந்தால் டிசம்பர் அடைமழையில் கன்று சேற்றில் விழும். ஏப்ரல் நடுப்பகுதிக்குப் பின் சேர்ந்தால் ஜனவரி பிற்பகுதியில் பிறக்கும். மழை ஓயும், புல் தளிர்த்திருக்கும், தாய்க்குப் பால் ஊறும். ஆகவே காளையை ஆண்டு முழுவதும் பட்டியில் விடாமல், ஏப்ரல் தொடக்கம் ஜூன் வரை விட்டுப் பின் பிரித்துக் கட்டுவது நன்று.

கூட்டாக ஒரு காளை

"எட்டுப் பசுவுக்காக ஒரு காளையை எப்படிப் பராமரிப்பது?" என்று நீங்கள் கேட்பது நியாயமே. ஒரு குடும்பத்தால் முடியாது. நான்கு குடும்பங்களால் முடியும். நான்கு பேர் சேர்ந்து தமது நாம்பன்கள் யாவற்றையும் ஓரிடத்தில் நிறுத்திச் சிறந்த ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். அதன் சொந்தக்காரர் அதை வியாபாரிக்கு விற்றிருந்தால் பெறக்கூடிய பணத்தை மற்ற மூவரும் பங்கிட்டுக் கொடுங்கள். அப்போதுதான் அவருக்கு விற்கும் தேவை வராது. தீனியை முறை வைத்துப் போடுங்கள். சீமைக்கிளுவை இலையும், வாய்க்கால் ஓரத்தில் நட்ட சி.ஓ.3 புல்லும், வைக்கோலும், காளை வேலை செய்யும் காலத்தில் சிறிது தவிடும் போதுமானவை. பட்டியில் மிஞ்சும் மற்ற நாம்பன்களை நலமடியுங்கள், அல்லது பிரித்துக் கட்டுங்கள். பெருநாளுக்கு விற்க வளர்ப்பவர் வாங்குபவரின் விருப்பமறிந்து இதைத் தீர்மானிக்கட்டும். இதைச் செய்யாவிட்டால் தெரிந்தெடுத்த காளைக்கு முன்னர் தெரியாத நாம்பன் முந்திக்கொள்ளும், உழைப்பெல்லாம் வீணாகும்.

இந்த நால்வரும் ஒரே ஊராராகவோ ஒரே சமயத்தவராகவோ இருக்க வேண்டுமென்பதில்லை. போருக்கு முன் இக்கரையோரத்தில் தமிழ்ப் பட்டிக்காரரின் மாட்டை முஸ்லிம் வியாபாரி வாங்கினார். முஸ்லிம் போடியாரின் மாட்டைத் தமிழர் மேய்த்தார். காளையை மாற்றிக்கொள்ளத் தூரத்து ஊரின் உறவு வேண்டும். மேய்ச்சல் தரையைக் காக்கவும் அதே உறவு வேண்டும். தனித்தனியே பேசினால் எவரும் கேட்கமாட்டார்கள்.

இம்முறை வியாபாரி வரும்போது உங்கள் பட்டியில் மிக நல்ல நாம்பனை மறுபக்கம் கட்டிவிட்டு இரண்டாவதை விலை பேசுங்கள். சில ஆயிரம் ரூபா குறையத்தான் செய்யும். மூன்று ஆண்டுகளில் பட்டியில் நிற்கும் கிடாரிகளைப் பார்த்து அக்கணக்கை மீண்டும் போடுங்கள்.